நாட்டுக்கோழி இறகில் கட்டிய வெட் ஃப்ளைகள்: ஒரு மதிப்புரை

கோயம்புத்தூரில் தூண்டில் சாமான்கள் விற்கும் சிறிய கடை ஒன்று, மேட்டுப்பாளையம் பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலக் கட்டும் இரை) கட்டும் ஒருவரிடம் செய்வித்து, டிரவுட் மீனுக்கான 24 வெட் ஃப்ளைகளை ஒரு பெட்டியில் அடுக்கி 1,450 ரூபாய்க்கு விற்கிறது. எட்டு வகைகள், வகைக்கு மூன்று. அவற்றில் நான்கு வகைகள் சிறகு இல்லாமல், கழுத்து இறகை மட்டும் முள்ளைச் சுற்றிக் கட்டிய ஸ்பைடர்கள். மற்ற நான்கும் சிறகு வைத்தவை. இறகும் பட்டும் பெரும்பாலும் கொங்கு நாட்டிலேயே சேகரிக்கப்பட்டவை என்று கடைக்காரர் சொன்னதால்தான் இதை வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் கண்ணைப் பறிப்பவை சிறகு வைத்த வகைகளே. ஆற்றில் இறங்கிய பிறகு, கொடுத்த காசுக்கு உரிய வேலையைச் செய்தவை சிறகில்லாத நான்கில் மூன்று வகைகள். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த வேறுபாடு ஏன் வந்தது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பவானியிலும் அமராவதியிலும் நொய்யல் அணைக்கட்டுகளிலும் மண்புழுவும் மாவும் கோத்துத் தக்கை மிதக்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியால் பெரிய பயன் இல்லை. டிரவுட் குளிர்ந்த நீரின் மீன். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தொடங்கினாலே அதற்குத் திணறல் ஏற்படும். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே சமவெளிக்கு அது இறங்கி வருவதில்லை. ஆனால் நம் பவானிக்கு வரும் நீரில் ஒரு பகுதி டிரவுட் வாழும் இடத்திலிருந்தே புறப்படுகிறது. அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளின் ஓடைகள் குந்தா ஆற்றில் சேர்கின்றன. குந்தா, பில்லூர் அணைக்கு மேலே பவானியில் கலக்கிறது. கோவை மக்கள் குடிக்கும் பில்லூர்த் தண்ணீருக்கும் மலைமேல் உள்ள டிரவுட்டுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

அந்த மீன் இந்த மலைக்குச் சொந்தமானது அன்று. 1863 ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் டே என்பவர் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பின்னர் எச். சி. வில்சன் என்னும் மீன்வள வல்லுநரின் காலத்தில், 1907 இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே வானவில் டிரவுட் இங்கே நிலைகொண்டது. வந்தேறி மீன் என்பதால் அதை எங்கும் பரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. ஏற்கெனவே இருக்கும் ஓடைகளில், மீன்வளத் துறையின் உரிமச் சீட்டும் வனத்துறையின் ஒப்புதலும் பெற்றுத் தூண்டில் போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். இவ்விரண்டும் இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பது குற்றம். கடைக்காரர் பெட்டியை விற்கும்போது இதை வாயால் சொல்கிறார். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

வெட் ஃப்ளை என்பது நீருக்கு அடியில் போக வேண்டியது. டிரவுட் தன் உணவில் பெரும்பங்கை நீர்ப்பரப்புக்குக் கீழேதான் எடுத்துக்கொள்கிறது: கல்லை விட்டுக் கிளம்பி மேலே எழும், மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சியின் குஞ்சுகள், கூட்டை உடைத்துக்கொண்டு நீந்தும் காடிஸ் பூச்சிகள், முட்டையிட வந்து மூழ்கிப்போனவை. இவற்றில் எதையும் அச்சு அசலாகப் பார்த்துக் கட்டுவது இந்தக் கலையின் நோக்கம் அன்று. ஓடும் நீரில் இறகின் இழைகள் ஒடுங்கியும் விரிந்தும் அசைய வேண்டும். அந்த அசைவைப் பார்த்து மீன் அதை உயிருள்ளது என்று நம்ப வேண்டும். ஆகவே வெட் ஃப்ளையை மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும். நீரில் விழுந்தவுடன் மூழ்குகிறதா? மூழ்கிய பின் அதன் இறகு அசைகிறதா? கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது இவ்விரண்டுக்கும் விடை கிடைக்காது.

இங்குதான் இந்தப் பெட்டியின் சிறப்பு இருக்கிறது. நீரின் மேல் மிதக்கும் ட்ரை ஃப்ளைக்குச் சேவலின் கழுத்து இறகு தேவை. அது விறைப்பானது, நீரை எளிதில் உறிஞ்சாது. வெட் ஃப்ளைக்குக் கோழியின் இறகே ஏற்றது. இழைகள் மென்மையானவை, நீரைக் குடித்துத் துவண்டுவிடும். விலை மலிவான பல வெட் ஃப்ளைகளில் சேவல் இறகையே சுற்றிவிடுகிறார்கள். அவை ஆற்றில் விழுந்ததும் கால்களை அகல விரித்தபடி விறைத்து நிற்கும். நம் பக்கத்தில் சேவல் என்றால் பெருவிடை என்னும் பெரிய சண்டைச் சேவலின் மீதுதான் எல்லோருக்கும் மோகம் என்பதால், இதைக் கட்டியவரும் அந்த இறகைத்தான் எடுத்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழிகளின் கழுத்து இறகைத் தேர்ந்திருக்கிறார். கடைக்காரர் மூலம் அவரோடு தொலைபேசியில் பேசியபோது ஒரே வரியில் காரணம் சொன்னார்: “இறகு கூடப் போச்சுன்னா மீன் வராதுங்ணா, ரெண்டு சுத்துக்கு மேல சுத்தறதில்லீங்க.” அந்தக் கணக்கை ஸ்பைடர்கள் எல்லாவற்றிலும் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார். புதிதாக வாங்குபவருக்கு அவை இறகு போதாமல் கட்டியவை போலத் தோன்றும். தோன்றட்டும்; அப்படித்தான் இருக்க வேண்டும்.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஆரஞ்சுப் பட்டுடல் கொண்ட ஸ்பைடர். இங்கிலாந்தின் வடபகுதியில் பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு என்று பேர்பெற்ற வகை இது: ஆரஞ்சுப் பட்டை முள்ளின் தண்டில் சுற்றி, தலைப்பக்கம் கௌதாரி இனப் பறவையின் பழுப்புப் புள்ளி இறகை இரண்டு சுற்று சுற்றி முடித்துவிடுவார்கள், அவ்வளவுதான். நம் ஊர்க் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் கௌதாரி உண்டு என்றாலும், அதைப் பிடிப்பதோ கொல்வதோ 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கட்டியவர் அந்தப் பக்கம் போகாமல், இறைச்சிக்காகப் பண்ணையில் வளர்க்கும் காடையின் முதுகு இறகைப் பயன்படுத்தியிருக்கிறார். மிகப் பொருத்தமான மாற்று. காடை இறகில் அதே பழுப்பும் மங்கிய மஞ்சள் கோடுகளும் இருக்கின்றன. இழைகளோ இன்னும் மெலிந்தவை. இறகு சிறியது என்பதால் 14 ஆம் எண் முள்ளுக்கும் அதனினும் சிறிய 16 க்கும் அளவு சரியாக வருகிறது. 10 ஆம் எண் போன்ற பெரிய முள்ளுக்கு அது எட்டாது. பெட்டியில் மூன்றும் 14 ஆம் எண்ணிலேயே இருக்கின்றன. இறகின் நுனி முள்ளின் வளைவைச் சற்றே தாண்டி நிற்கிறது. இந்த அளவை அவர் எங்கும் பிசகவிடவில்லை.

காட்டுக்கோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்து இறகின் நுனியில் மெழுகு வைத்தாற்போல் பளபளக்கும் மஞ்சள் புள்ளிகள் உண்டு. ஃப்ளை கட்டும் உலகம் முழுவதும் அந்த இறகுக்கு ஏங்கும். ஒரு காலத்தில் நம் மலைகளிலிருந்து அது கப்பலேறியது. இன்று பறவைக்கும் சட்டக் காப்பு உண்டு, ஏற்றுமதிக்கும் தடை உண்டு. இந்தப் பெட்டியில் அது ஓர் இழைகூட இல்லை. கேட்டேன், இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். ஒவ்வொரு ஃப்ளையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். யாராவது காட்டுக்கோழி இறகு வைத்துத் தருகிறேன் என்று சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள்.

பட்டு சிறுமுகையிலிருந்து வந்தது. பவானிக் கரையில் பட்டுச்சேலை நெய்யும் அந்த ஊரில், தறியில் மிஞ்சும் சாயமேற்றிய நூலை வாங்கி, முறுக்கைப் பிரித்து மெலிந்த இழையாக்கித் தேன்மெழுகு தடவிக் கட்டுகிறாராம். நைலான் நூலில் கட்டியதற்கும் பட்டில் கட்டியதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, இதிலிருந்து ஒன்றையும் என்னிடம் முன்பே இருந்த நைலான் உடல் கொண்ட ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நைலான் ஆரஞ்சு நனைந்த பிறகும் அதே ஆரஞ்சாகவே இருந்தது. பட்டோ நனைந்ததும் ஒளி ஊடுருவும்படி மாறி, உள்ளே இருக்கும் முள்ளின் கருமை மேலே தெரிய, செம்பழுப்பாக இருண்டது. மீன் பார்க்கப்போகும் நிறம் இந்த இரண்டாவது நிறம்தான். கடையில் நிறம் பார்த்துத் தேர்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: உலர்ந்த பட்டின் பளிச்சென்ற நிறத்தைப் பார்த்து இது மிகையானது என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஊதாப் பட்டில் கருமையான கோழி இறகு சுற்றிய இரண்டாவது ஸ்பைடர் நனைந்தபின் ஏறக்குறையக் கருப்பாகிவிடுகிறது. மேகம் மூடிய குளிர்ந்த காலையில் அது நன்றாகவே வேலை செய்தது.

மூன்றாவது ஸ்பைடருக்கு உடல் மயில்தோகையின் இழை, கழுத்துக்குக் கருங்கோழி இறகு. பல்லடம், தாராபுரம் பக்கத்து வயல்களில் மயில்கள் பெருகிக் கிடப்பதை அங்குள்ள விவசாயிகளிடம் கேட்டால் வருத்தத்தோடு சொல்வார்கள். உதிர்ந்த தோகைக்குப் பஞ்சமே இல்லை. மயில் நம் சட்டத்தில் உச்ச காப்புப் பெற்ற பறவை என்றாலும், தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வைத்திருக்க விலக்கு உண்டு. வெண்கலமும் பச்சையும் கலந்து மினுங்கும் அந்த இழைக்கு ஈடாகச் செயற்கையில் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. குறை என்னவென்றால் அது எளிதில் அறுந்துவிடும். டிரவுட்டுக்குச் சிறிய கூரிய பற்கள் உண்டு. சில மீன்கள் கடித்ததுமே உடல் பிரிந்து தொங்கத் தொடங்கியது. கட்டும்போது தோகை இழையை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றினாலோ, மேலே மெல்லிய செம்புக் கம்பியைக் குறுக்காக ஓடவிட்டாலோ இது நேராது. இரண்டையும் இவர் செய்யவில்லை. அடுத்த முறை கம்பி ஓட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான்காவது ஸ்பைடர்தான் எடுபடவில்லை. மஞ்சள் பட்டில் கினிக்கோழியின் வெண்புள்ளி இறகைச் சுற்றியிருக்கிறார். புள்ளி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கினிக்கோழி இறகின் இழை காடையினதைவிட விறைப்பானது. கிண்ணத்து நீரில் அது அசையவே இல்லை, ஓடையிலும் அதே கதை. அதையும் காடை இறகிலேயே கட்டியிருக்கலாம்.

இவற்றை நான் போட்டுப் பார்த்தது குந்தாப் படுகையைச் சேர்ந்த, உரிமச் சீட்டுப் பெற்ற ஓர் ஓடைப் பகுதியில். தென்மேற்குப் பருவமழை மேற்கு நீலகிரியில் கொட்டித் தீர்க்கும் மாதங்களில் அங்கே தூண்டிலுக்கு வேலையில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது என்பதை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை ஓய்ந்து நீர் தெளிந்தபின் போனேன். 9 அடி நீளமுள்ள 5 ஆம் எண் ராடு (தூண்டில் கோல்), மிதக்கும் லைன் (தூண்டில் கயிறு), அதன் முனையில் லீடர் என்னும் 9 அடி மெல்லிய நூல், அதன் நுனியில் ஃப்ளையைக் கோக்கும் 0.15 மி.மீ. தடிமனுள்ள 5எக்ஸ் டிப்பெட். பெட்டியோடு வரும் மெலிந்த நைலான் சுருளை நான் பயன்படுத்தவில்லை. அது விறைப்பாக, சுருண்டிருந்த வடிவத்தை விடாமல் வளைந்து வளைந்து கிடக்கிறது, ஃப்ளையின் அசைவையும் கெடுக்கும். அதைக் கழித்துவிட்டு விலையில் ஐம்பது ரூபாய் குறைத்தால் எல்லோருக்கும் நல்லது.

பரந்து ஓடும் இடத்தில் பழைய முறையையே கையாண்டேன். ஓட்டத்துக்குக் குறுக்காக, சற்றுக் கீழ்நோக்கி எறிந்து, உடனே லைனின் நடுவே தொய்ந்த பகுதியை ஓட்டத்தின் மேல்நோக்கித் தூக்கி வைத்துவிட்டால் ஃப்ளை சற்று ஆழம் போகும். பிறகு ஓட்டம் லைனை இழுக்க, ஃப்ளை வளைந்து வளைந்து கரைப்பக்கம் வந்து நேர்கீழே நிற்கும். அப்படி நிற்கப்போகும் வேளையில் அது ஆழத்திலிருந்து மேலே எழுகிறது. மேற்பரப்புக்குக் கிளம்பும் பூச்சியின் எழுச்சியும் அதுவே. பெரும்பாலான கடிகள் அந்த இடத்தில்தான் கிடைத்தன. ராடின் நுனியைக் கொஞ்சம் உயர்த்தி அந்த எழுச்சியை வலிந்தும் உண்டாக்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த தூண்டில்காரர் ஜிம் லைசன்ரிங்கின் பெயரால் அந்த உத்தி அறியப்படுகிறது. ஆரஞ்சு ஸ்பைடர் இந்த முறையில் மற்ற எல்லாவற்றையும்விட முன்னே நின்றது. வளைவு முழுவதும் அதன் காடை இறகு ஒடுங்கியும் திறந்தும் வருவதைத் தெளிந்த நீரில் கண்ணால் காண முடிந்தது.

பாறைகளுக்கு இடையே நீர் நுரைத்து விழும் குறுகிய இடங்களில் அந்த முறை செல்லாது. அங்கே மேல்நோக்கி நின்று, லைனைக் குறைவாக விட்டு, பாறையின் பின்னால் உள்ள அமைதியான நீரில் ஃப்ளையை இறக்கி, ராடை உயர்த்தியபடி அதோடு கூடவே வர வேண்டும். மயில்தோகை ஸ்பைடர் இங்கே நன்றாகப் பயன்பட்டது, ஏனென்றால் விழுந்த உடனே மூழ்கிவிடுகிறது. நம் தக்கைத் தூண்டில்காரர்களுக்கு இதில் கடினமானது கடி தெரிவதுதான். தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று சுண்டி இழுத்துப் பழகிய கை, இங்கே லைனின் நுனி ஒரு கணம் தயங்கியதைப் பார்த்து மெதுவாக ராடை உயர்த்த வேண்டும். கீழ்நோக்கிய முறையிலோ சுண்டவே கூடாது. மீன் தானே திரும்பும்போது முள் கடைவாயில் பதியும், சுண்டினால் 5எக்ஸ் டிப்பெட் அறுந்துபோகும். பெட்டிக்குள் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை வைத்திருக்கிறார்கள். கட்டுமுறையைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் புதியவருக்கு மிகவும் வேண்டிய இந்த ஒன்றைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இனி சிறகு வைத்தவை. கோச்மேன், புட்சர், மார்ச் பிரவுன், கிரீன்வெல்ஸ் குளோரி ஆகிய நான்கு வகைகள். இவற்றின் சிறகுகளை நாமக்கல் முட்டைப் பண்ணைக் கோழிகளின் இறக்கை இறகிலிருந்தும் வாத்திறகிலிருந்தும் வெட்டி வைத்திருக்கிறார். வெட்டு நேர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவு, நிறமேற்றியவையும் சாயம் விடவில்லை. ஆனால் எல்லாச் சிறகுகளும் தேவைக்கு மேல் தடித்தவை, உயரமாகவும் நிற்கின்றன. வெட் ஃப்ளையின் சிறகு முள்ளின் முதுகோடு தாழ்ந்து படிந்திருக்க வேண்டும். இவை அப்படி இல்லாததால், குறிப்பாக வெள்ளைச் சிறகு வைத்த கோச்மேன், ஓட்டத்தில் காற்றாடி போலச் சுழன்று டிப்பெட்டை முறுக்கித் தள்ளியது. சில எறிதலுக்குள் டிப்பெட் சுருண்டு முடிச்சாகிவிட்டது. அதை வெட்டி மாற்றுவதைத் தவிர வழியில்லை. கட்டியவரின் கைத்திறன் சிறகுகளில்தான் மிகுதியாகத் தெரிகிறது என்பது உண்மை. வாங்குபவர் கண்ணுக்காகக் கடைக்காரர் அப்படிக் கேட்டிருப்பார் என்று சந்தேகிக்கிறேன்.

கிரீன்வெல்ஸ் குளோரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தவறியிருப்பது சிறகு மட்டும் அன்று. 1854 இல் ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றுக்காக, கிரீன்வெல் என்னும் பாதிரியாருக்கு ஜேம்ஸ் ரைட் என்பவர் கட்டிக் கொடுத்தது அது. இன்றும் உலகம் முழுவதும் விற்கிறது. அதன் உடல் மஞ்சள் பட்டு; ஆனால் அந்தப் பட்டில் செருப்புத் தைப்பவர்களின் கருமெழுகைத் தேய்த்த பிறகே சுற்றுவார்கள். மெழுகு ஏறியதும் மஞ்சள் மங்கி, ஆற்றுப் பூச்சிகளின் ஆலிவ் பச்சையை நெருங்கிய நிறமாகும். அதன்மேல் பொன் கம்பி ஓடும். இவர் தேன்மெழுகைத் தடவியதால் பட்டு மஞ்சளாகவே நின்றுவிட்டது. பொன் கம்பி இருக்கிறது, கோழி இறகும் சரியே. ஆனால் அந்தக் கலங்கிய பச்சை இல்லாமல் இதற்கு அந்தப் பெயரைக் கொடுப்பது பொருந்தாது. கருமெழுகு நம் ஊரில் கிடைக்காத பொருளும் அன்று. செருப்புத் தைப்பவர்களிடம் கேட்டால் கொடுப்பார்கள்.

மார்ச் பிரவுனில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. அதன் உடல் பண்ணை முயலின் உரோமம். ஊசியால் கிளறி விட்டால் குச்சம் குச்சமாக நிற்கும், நீர்க்குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறகைக் கத்தரியால் அடியோடு வெட்டி எறிந்துவிட்டுப் போட்டபோது, பழுப்புக் கழுத்து இறகோடு அது தரமான ஐந்தாவது ஸ்பைடராக மாறிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய சிறகை வெட்டுவதற்கு மனம் கொஞ்சம் தயங்கும்தான். புட்சருக்கு மட்டும் அதன் சிறகோடே ஓர் இடம் கொடுக்கலாம்: மழை பெய்து நீர் தேநீர் நிறத்தில் வரும்போது, அதன் வெள்ளித் தகட்டு உடலும் சிவந்த வாலும் கலங்கலிலும் தெரிகின்றன. தெளிந்த நீரில் அதையே போட்டால் மீன் அருகே வந்து திரும்பிவிடுகிறது.

முள்ளின் தரம் நடுத்தரம். வெட் ஃப்ளைக்கு உரிய சற்றுத் தடித்த கம்பிதான், கூர்மையும் உண்டு. எல்லா முள்ளிலும் எதிர்முள் இருக்கிறது. பிடித்த மீனைத் திரும்ப விடுபவர்கள் அதைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். நசுக்கும்போது ஒரு முள் முறிந்தது. மற்றவை வளைந்து கொடுத்தன. தலையில் பூசும் வார்னிஷ் பல ஃப்ளைகளில் முள்ளின் காதுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது. விரல் விறைக்கும் குளிரில் ஓடைக் கரையில் நின்றுகொண்டு, அடைபட்ட காதில் நூலிழை மெலிவுள்ள டிப்பெட்டைக் கோக்க முயல்பவரின் வாயிலிருந்து என்ன சொற்கள் வரும் என்பதைக் கட்டுபவர் ஒரு முறையாவது கேட்க வேண்டும். வீட்டிலேயே மெலிந்த ஊசியால் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்து எடுத்துப் போவது நலம்.

பெட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்; உள்ளே நுரைப் பஞ்சில் ஃப்ளைகளைக் குத்தி வைத்திருக்கிறார்கள். நுரை நீரைப் பிடித்துவைக்கும், முள் கரிமச் சேர்ப்பு எஃகு. நனைந்த ஃப்ளையை அப்படியே குத்தி மூடினால் ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் வந்து சேர்வதற்குள் துரு தொடங்கிவிடும், அதன் கறை பட்டுக்கும் ஏறும். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து இரவு முழுவதும் காற்றாட வைக்க வேண்டும். வகையின் பெயரையோ முள்ளின் எண்ணையோ எங்கும் எழுதவில்லை; மீண்டும் ஒன்றைக் கேட்டு வாங்க நினைப்பவர் கைபேசியில் படம் எடுத்து அனுப்பித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, ஒரு ஃப்ளைக்கு ஏறத்தாழ 60 ரூபாய் ஆகிறது. நான் வழக்கமாக வாங்கி வந்த வெளிநாட்டு ஸ்பைடர்களின் விலையில் இது பாதிக்கும் குறைவு. அவற்றோடு ஒப்பிட்டால் இறகின் மென்மையில் இவை ஒரு படி மேலே, முள்ளின் உறுதியிலும் தலையின் துப்புரவிலும் ஒரு படி கீழே. ஆனால் பெட்டியை முழுதாக வாங்கினால் பாதிப் பணம் சிறகுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வீட்டில் கண்ணாடிக்குள் வைக்கவோ, புதியவர் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கவோ முழுப் பெட்டி பொருத்தம். ஓடைக்குப் போகிறவர் உதிரியாக வாங்குவதே முறை.

கடையின் சேவையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முறிந்த முள்ளைப் படமெடுத்து அனுப்பியதும் மறுபேச்சு இல்லாமல் வேறொன்று கொடுத்தார்கள். கம்பியைப் பற்றியும் கருமெழுகைப் பற்றியும் சொன்னவற்றைக் கட்டுபவரிடம் அப்படியே சேர்த்தார்கள் என்பது அவர் பேசியதிலிருந்து தெரிந்தது. பெட்டியை உடைத்து உதிரியாகக் கொடுக்க முதலில் தயங்கியவர்கள், ஒரே வகையில் ஒரு டஜன் எடுத்தால் ஒன்று 55 ரூபாய்க்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆரஞ்சு ஸ்பைடரில் 14 ஆம் எண்ணிலும் 16 ஆம் எண்ணிலும் ஒவ்வொரு டஜனும், ஊதாவில் ஒரு டஜனும் சொல்லி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கழுவிய இறகு சரியாக உலராது என்பதால் ஆடிக்குப் பிறகு அவர் புதிய ஆர்டர் எடுப்பதில்லையாம். வேண்டியவர்கள் ஆடிக்குள் சொல்லிவிடுங்கள்.